நூற்றுப் பதினான்கின் தோல்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பூச்சி எழுதுகிறேன். வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது, உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் முதுகுவலி எப்படி? அப்பாவுக்கு இருமல் குறைந்ததா, இல்லை இன்னும் மரத்தூளை விழுங்கிக்கொண்டுதான் ரம்பம் ஓட்டுகிறாரா?

வீட்டு முகவரிக்குப் போடாமல் உன் தையல் கம்பெனிக்கு ஏன் எழுதுகிறேன் என்று உனக்கே தெரியும். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரைப் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது எனக்கு ‘ம்’, ‘சரிப்பா’ தவிர வேறு வார்த்தை வருவதில்லை. எழுத உட்கார்ந்தால் வருகிறது.

இங்கே டாரண்டுலா சிலந்திகளை வளர்க்கிறார்கள். அவற்றின் விஷத்தை எடுத்து மருந்து ஆராய்ச்சிக்கு அனுப்புகிறார்கள். கட்டடத்தின் அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத நீளமான அறை. உள்ளே போக இரண்டு கதவு. முதல் கதவு மூடிக்கொண்ட பிறகுதான் இரண்டாவது திறக்கும். நடுவில் ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அதில் நிற்கிற நாலைந்து நொடி எனக்கு இன்னும் பழகவில்லை. உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள், பெட்டிக்கு ஒன்று. சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான்.

நம் வீட்டு மூலையில் ஓடுகிற எட்டுக்கால் பூச்சி மாதிரி நினைக்காதே. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி. வலை பின்னிப் பிடிக்காது. மண்ணில் பொந்து தோண்டி, வாசலில் நூல் இழுத்துவைத்து, அதன்மேல் முன்னங்காலை வைத்தபடி நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும். எட்டுக் கண் இருந்தும் பார்வை சொற்பம். வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும், அவ்வளவுதான். மற்றதெல்லாம் காலில் வந்து சேரும் அதிர்வு. அதனால் நாங்கள் துணிச்செருப்புப் போட்டுத்தான் நடக்கிறோம்.

அப்பா பஸ் ஏற்றிவிடும்போது சொன்னது காதிலேயே இருக்கிறது. “ஒரு வருஷம். வேலை நிரந்தரமாச்சுன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். நடுவுல ஏதாவது வம்புன்னு கேள்விப்பட்டேன், அடுத்த பஸ்ல நீ வீட்ல இருக்கணும். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு நான் வாக்குக் கொடுத்தாச்சு.” ஒரு வருஷம் ஒரு தப்பும் செய்யாமல் இருந்துவிட்டால் போதும் அக்கா.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தங்கை

ஜூன் 25

பூச்சிக்கு அக்கா எழுதுவது,

நீ சுகம் என்று படித்ததும்தான் சாப்பாடு இறங்கியது. என் முதுகு வழக்கம் போல. அப்பா இருமிக்கொண்டே ‘எனக்கென்ன இருமலா’ என்று கேட்கிறார்.

கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்தேன். ஒளித்துப் படிக்க விடுவார்களா? பட்டன் வைக்கிற அக்கா பிடுங்கிச் சத்தமாகவே படித்துவிட்டாள். எட்டுக் கண் இருந்தும் தெரியாது என்ற இடத்தில் நிறுத்தி, “ஏண்டி, நம்ம சூப்பர்வைசருக்கு ஒண்ணுவிட்ட சொந்தமா இருக்குமோ?” என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அவர் வந்து எட்டிப் பார்த்தார். அப்போதும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

‘வாயில்லாப் பூச்சி’ என்று உன்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் பூச்சிகளிடமே வேலைக்கு அனுப்பிவிட்டோம். பயமாக இருக்கிறதா? உண்மையைச் சொல். அம்மா போன பிறகு நீ எதையும் வாய்விட்டுக் கேட்டதில்லை. பசி என்றுகூடச் சொன்னதில்லை. அங்கேயாவது வேண்டியதைக் கேட்டு வாங்கு.

அக்கா

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன், நன்றாகவே சாப்பிடுகிறேன். உனக்கு முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார விடுகிறார்களா?

போன வாரம் ஒரு கொலை செய்யப் பார்த்தேன். பதினைந்து நாளாக எதுவும் தின்னாத 88ஆம் எண் மல்லாக்கக் கிடந்தது. அசைவில்லை. செத்துவிட்டது என்று நினைத்து, பதிவேட்டில் எழுதிவிட்டு, அதை எடுக்கக் கை நீட்டினேன். அப்போது தீனி கொண்டுவருகிற பெண் உள்ளே வந்தாள். சிலந்திகளுக்குப் போடும் சுவர்க்கோழிகளை, ராத்திரியில் கீச்சிடுமே அந்தப் பூச்சிகளை, ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில் வளர்க்கிறார்கள். அங்கிருந்து வாரம் ஒருமுறை தட்டுத் தட்டாகக் கொண்டுவருவாள். ஆள் ஆறடி, எல்லோருக்கும் அவள் நெட்டைதான். “ஏய், கையை எடு. செத்த பூச்சி காலை மடக்கிக் குப்புறக் கிடக்கும். மல்லாக்கப் படுத்திருந்தா அது சட்டை மாத்துது” என்றாள். நான் பட்டம் வாங்கியவள், அவள் பள்ளிக்கூடம் தாண்டாதவள். காது சூடாகிவிட்டது.

மூன்று மணி நேரம் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதுகு பிளந்து, கால்களை ஒவ்வொன்றாக, கையுறையிலிருந்து விரலை உருவுவது போல உருவிக்கொண்டு வந்தது. பல்கூட வெள்ளையாக, மெத்தென்று இருக்கிறது. அந்த நேரத்தில் பெட்டிக்குள் ஒரு சுவர்க்கோழி கிடந்தால் போதும், அதுவே சிலந்தியைக் கடித்துத் தின்றுவிடும்.

ஆணா பெண்ணா என்பது கழற்றிப்போட்ட தோலில்தான் நிச்சயமாகத் தெரியும். தோலைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வயிற்றுப் பகுதியைத் தூரிகையால் விரித்து, லென்ஸில் பார்க்க வேண்டும். மூச்சு விடும் உறுப்பு புத்தகத் தாள் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அதற்கு நடுவே சின்ன மடிப்பு ஒன்று இருந்தால் பெண். பெண் என்றால் ஒரே பொந்தில் இருபது, இருபத்தைந்து வருஷம். ஆண் வளர்ந்ததும் பொந்தை விட்டு அலையக் கிளம்பும். சரியாகத் தின்னாது, சில மாதத்தில் செத்துப்போகும். இந்த வேலையை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பொறுப்பாளர் எந்நேரமும் அறையின் சூட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தெர்மாமீட்டர். அவரே “உனக்கு நல்ல கண்ணும்மா” என்றார்.

ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. அவற்றின் வயிற்றில் இருக்கும் முடி முள் மாதிரி. கோபம் வந்தால் பின்னங்காலால் தேய்த்துக் காற்றில் விடும். கழற்றிய தோலிலும் அந்த முடி இருக்கும். அதனால் கண்ணை மூடுகிற மாதிரி பெரிய கண்ணாடி போட்டுக்கொள்கிறோம். எனக்கு முன்னால் இருந்தவருக்குக் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாளே ‘தகுதியில்லை’ என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “ஒரு தடவை பட்டா அடுத்த தடவை உடம்பு தாங்காது. ரூல் ரூல்தான்” என்கிறார் தெர்மாமீட்டர். நான் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன்.

தங்கை

ஆகஸ்ட் 3

பூச்சிக்கு,

இங்கே எல்லோரும் நடமாடுகிறோம். நீ எப்படி?

இருபத்தைந்து வருஷம் ஒரே பொந்தா? பட்டன் அக்கா கேட்கச் சொன்னாள்: “அதுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

அப்பா உன்னைப் பற்றிப் பேசுவதை நீ கேட்க வேண்டும். உன்னிடம் முறைப்பார். ஆனால் ரம்பக் கடையில், “எம்பொண்ணு விஷம் எடுக்கிற டிபார்ட்மெண்ட்ல இருக்கா. அவ கையெழுத்து இல்லாம ஒரு சொட்டு வெளிய போகாது” என்று அளக்கிறாராம். அந்தக் கடை முதலாளி நேராக வந்து என்னிடம் விசாரித்தார். அவருடைய தங்கை மகன்தானே மாப்பிள்ளை. அவர்களுக்கு உன் படிப்பு வேண்டும், வேலை வேண்டாம். “பட்டம் சுவத்துல மாட்டிக்கலாம். பொண்ணு வீட்டோட இருந்தா போதும்” என்று மாப்பிள்ளையின் அம்மா சொன்னாள். அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஆனால் அப்பா சொன்ன சொல்லை மாற்ற மாட்டார். நிரந்தரம் ஆகிவிட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் பத்து மாதம். பல்லைக் கடித்துக்கொள்.

அக்கா

ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. உனக்கு ஒரு நல்ல செய்தி.

114ஆம் எண்ணை ஆண் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒல்லி உடம்பு, நீளக் கால். இந்த மாதக் கடைசியில் கணக்கிலிருந்து கழித்துவிடுவதாக இருந்தது. சனிக்கிழமை அது தோல் கழற்றியது. எனக்கு என்னவோ சந்தேகம். எங்கள் அறையின் சூட்டில் கண்ணாடி ஆவி பிடித்துக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு அந்த மடிப்பைப் பார்க்க முடியாது. எப்படியோ பார்த்துவிட்டேன். இருந்தது அக்கா. நகக்கண் அளவுகூட இல்லை, ஆனால் இருந்தது. பெண். தெர்மாமீட்டர் தானும் லென்ஸில் பார்த்துவிட்டு, “நாலு வருஷமா தப்பா எழுதிவெச்சிருக்கோம்” என்றார். மேலிடத்துக்கு என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார். இப்படியே போனால் நிரந்தரம் ஆவதில் சந்தேகம் இல்லை என்றார்.

கண்ணில் ஏதோ தூசி. கழுவிவிட்டேன். வேறு விசேஷம் இல்லை.

தங்கை

அக்டோபர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. வேலை அதிகம், அதனால்தான் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. நான் நலம்.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இந்தச் சிலந்தியைப் பிடிக்கிற ஒரு குளவி இருக்கிறது. சிலந்தியைக் கொட்டி, சாகடிக்காமல் செயலிழக்கவைத்து, குழிக்குள் இழுத்துப்போய், அதன்மேல் ஒரே ஒரு முட்டை இட்டு மூடிவிடும். சிலந்தி உயிரோடுதான் கிடக்கும். ஆனால் காலை அசைக்க முடியாது. குஞ்சு பொரித்துத் தின்னத் தொடங்கும்வரை எத்தனை நாள் ஆனாலும் அப்படியே.

மற்றபடி, சிலந்திகளுக்காக மங்கலான சிவப்பு விளக்கு மட்டும் எரிகிற எங்கள் அறைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. வெளியே போகவே தோன்றுவதில்லை.

தங்கை

அக்டோபர் 6

பூச்சி,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. எந்தக் கண்?

ஆறு வருஷமாக நான் செக்கிங்கில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாளைக்கு நானூறு சட்டை. தையல் ஒரு நூல் விலகினாலும் என் கைக்குத் தெரியும். உன் கடிதம் நாலாவது வரியிலிருந்து மேலே ஏறுகிறது. புள்ளிகள் எழுத்தின் தலையில் விழவில்லை, பக்கத்தில் விழுகின்றன. கடைசிப் பத்தியில் ஒரு வரியின் மேலேயே இன்னொரு வரி எழுதியிருக்கிறாய். நீ பரீட்சைத் தாளை அடிக்கோல் வைத்து எழுதியவள். ஆகஸ்ட் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ‘கண்ணில் ஏதோ தூசி’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். ஆறு வாரம் ஆகிவிட்டது.

எங்கள் லைனில் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறவள் ஒருத்தி இருந்தாள். பார்வை மங்குகிறது என்று யாருக்கும் சொல்லாமல், பழக்கத்தில் கையை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊசி நகத்தில் இறங்கிய அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவளும் ‘ஒன்றும் இல்லை’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உண்மையை எழுது. இந்த முறை நான் மட்டும்தான் படிப்பேன்.

அக்கா

அக்டோபர் 12

அக்கா,

இடது கண்.

114இன் தோலைப் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றினேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. முகத்தைத் தோலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன், மூச்சு அதன்மேல் பட்டது. அவ்வளவுதான். ராத்திரி மணல் உறுத்துகிற மாதிரி இருந்தது. பத்து நாளில் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். பிறகு சிவந்தது, மறுபடி குறைந்தது, மறுபடி சிவந்தது. இப்போது பகல் வெளிச்சம் குத்துகிறது. அந்தக் கண்ணால் பார்த்தால் எல்லாம் எண்ணெய்த் தாளுக்குப் பின்னால் இருப்பது போலத் தெரிகிறது.

தெர்மாமீட்டர் ஒரு நாள் கேட்டார். “தூக்கம் சரியில்ல சார்” என்றேன். ஆபீஸ் டாக்டரிடம் போனால் சீட்டு அவர் மேசைக்கு வந்துவிடும். வெளி டாக்டரிடம் போனால் யார் கண்ணிலாவது படுவேன். சொன்னால் மறுநாள் பஸ். வீட்டுக்கு வந்தால் அடுத்த மாதம் கல்யாணம். ஒற்றைக் கண் மங்கியதற்காக நான் காலம் முழுக்க வீட்டோடு இருக்க வேண்டியவளாகிவிடுவேன். யோசித்து யோசித்துப் பார்த்தேன், எந்தப் பக்கமும் கதவு இல்லை.

இன்று 207ஆம் எண் தோல் கழற்றும்போது ஒரு கால் உள்ளேயே சிக்கிக்கொண்டது. நாம் இழுக்கக் கூடாது, தண்ணீர் சொட்டுவிட மட்டும்தான் செய்யலாம். காலையிலிருந்து சொட்டு விட்டேன். மத்தியானம் அது சிக்கிய காலைத் தன் பல்லாலேயே பிடித்து, இடுப்போடு பிய்த்துப் போட்டுவிட்டு நகர்ந்தது. அடுத்த தோலில் சின்னதாக ஒரு கால் முளைக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதால் கண் எரிகிறது.

அப்பாவிடம் சொல்லாதே.

தங்கை

அக்டோபர் 17

பூச்சி,

சொல்லவில்லை. சொல்ல மாட்டேன்.

இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் கண் ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கு இல்லை, இன்றைக்கு. தனியாகப் போகாதே, அந்த நெட்டையைக் கூட்டிக்கொள். உனக்காக வாய் திறக்கிற ஆள் ஒன்று பக்கத்தில் வேண்டும். நான் வர முடியாது. நான் கிளம்பினால் அப்பாவும் கிளம்புவார்.

வேலை போகும். போகட்டும். ஆனால் வீட்டுக்கு வராதே. நான் உன் அக்கா, இதை நான் எழுதுவதே எனக்குக் கேட்கச் சகிக்கவில்லை. என்றாலும் வராதே. நானும் பத்து நாள் ஓய்வுக்குத்தான் புருஷன் வீட்டிலிருந்து இங்கே வந்தேன். ஆறு வருஷம் ஆகிறது. யாரும் பூட்டவில்லை. திரும்பிப் போகக் கிளம்பினால், “இப்ப என்ன அவசரம், அடுத்த மாசம் பார்க்கலாம்” என்று மட்டும்தான் சொன்னார்கள். கம்பெனி வாசல், வீட்டு வாசல், இரண்டுக்கும் நடுவே பதினொரு நிமிஷம். அதுதான் நான் வெளியே இருக்கிற நேரம்.

எங்கேயாவது ஒண்டிக்கொள். எந்த வேலையானாலும் செய். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி எனக்கு அனுப்பு, அவருக்குத்தான் படிக்கத் தெரியாதே, நான் வாசித்துக் காட்டுகிறேன். அதில் நீ அதே இடத்தில்தான் இருக்கிறாய்.

அக்கா

நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடியே செய்தேன். வலி இப்போது இல்லை.

டாக்டரம்மா பெரிய கருவியில் பார்த்துவிட்டு, “யாரும்மா உன்னை ரெண்டு மாசம் சும்மா உட்காரச் சொன்னது?” என்று திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நெட்டைதான், “அவளுக்குப் பேச வராது மேடம், என்னைத் திட்டுங்க” என்றாள். ஒன்பது முடி எடுத்தார்கள். இரண்டு ஆழமாக இறங்கிவிட்டன. தோண்டினால் கண்ணே போய்விடும், அப்படியே விட வேண்டியதுதான் என்றார். பாதிப் பார்வை இருக்கும். மருந்து ஒரு வருஷம் விட வேண்டும்.

மறுநாள் நானே தெர்மாமீட்டரிடம் போய்ச் சொன்னேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவரிடம் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அவர் கோபப்படவில்லை. சுவரில் இருந்த சூட்டுமானியையே பார்த்துக்கொண்டிருந்தார். “கண்ணாடி போட்டிருந்தா அந்த மடிப்பு தெரிஞ்சிருக்காது, இல்ல?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். சேரும்போது வாங்கி வைத்திருந்த என் பட்டச் சான்றிதழை உறையோடு எடுத்துக் கொடுத்துவிட்டு, ‘தகுதியில்லை’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது நெட்டையின் சுவர்க்கோழிக் கொட்டகையில் இருக்கிறேன். அவள் தங்கியிருக்கிற அறையில் எனக்கும் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறது. தகரக் கூரை, சுற்றிலும் கம்பி வலை. சுவர்க்கோழிகள் ஒண்டியிருக்கும் முட்டை அட்டைகளைத் தட்டி, பெரிது சிறிது பிரித்து, சிலந்திகளுக்கு அனுப்ப வேண்டும். நாள் முழுவதும் ஒரே கீச்சுச் சத்தம். கொட்டகை முதலாளி படிப்பு என்ன என்று கேட்டார். பத்தாவது என்றேன்.

அப்பாவுக்கான கடிதம் கீழே.

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். இங்கு நான் நல்லபடியாக இருக்கிறேன். உங்கள் இருமலுக்கு முகத்தில் துணி கட்டிக்கொண்டு ரம்பம் ஓட்டுங்கள். சிலந்திகள் இருக்கும் அறைக்கு இரண்டு கதவு. ஒன்று மூடினால்தான் மற்றது திறக்கும். அதனால் ஒரு சிலந்திகூட வெளியே வர முடியாது, நீங்கள் பயப்பட வேண்டாம். அதற்குள் யாராக இருந்தாலும் துணிச்செருப்புப் போட்டுத்தான் நடக்க வேண்டும். ஒரு பெண் சிலந்தியை ஆண் என்று நாலு வருஷமாகத் தவறாக எழுதியிருந்தார்கள். நான்தான் கண்டுபிடித்தேன். பொறுப்பாளர் என்னைப் பற்றி மேலிடத்துக்கு நல்லவிதமாக எழுதியிருக்கிறார். மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். அக்காவை அதிகம் வேலை வாங்க வேண்டாம். இப்படிக்கு, உங்கள் கீழ்ப்படிந்த மகள்.

இதில் ஒரு பொய்கூட நேராக இல்லை அக்கா. அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தங்கை

நவம்பர் 20

பூச்சிக்கு,

கண் எப்படி இருக்கிறது? மருந்து விடுகிறாயா?

நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதுகிறேன். பாதி எனக்கே விளங்கவில்லை.

உன் கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை வாசித்தேன். தாளை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குள் மாப்பிள்ளை வீட்டில் யாரோ, “அடித்தள ரூம்ல பொட்டப்புள்ளைக்கு என்ன வேலை, நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க” என்று கிளப்பிவிட்டார்கள். புதன்கிழமை காலையில் என்னிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். எனக்குத் தெரிந்தபோது உனக்குச் செய்தி சொல்ல வழியில்லை. இருந்த ஒரு போனும் அவர் பையில். அன்று நான் செக்கிங்கில் எத்தனை சட்டையைத் தப்பாகத் தள்ளினேனோ தெரியாது.

வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாப்பிள்ளையின் அம்மாவும் முதலாளியும் விசாரிக்க வந்திருந்தார்கள். அப்பா சாவகாசமாக உட்கார்ந்து, “உள்ளயே கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு கதவு. ஒண்ணு மூடினாத்தான் இன்னொண்ணு தொறக்கும். என்னையும் துணிச்செருப்பு போட்டுக்கச் சொன்னாங்க. பூச்சி ஒவ்வொண்ணும் இந்தா, இந்தக் கை அகலம். எம்பொண்ணுதான் எல்லாத்தையும் பாத்துக்கறா. அங்க இருக்கிற பெரிய ஆபீசரு எனக்கு எழுந்து நின்னு சேர் போட்டாரு” என்றார். பிறகு, “அவ வேலை நிரந்தரம் ஆயிடுச்சு. இனி கல்யாணப் பேச்சு வேணாம், நீங்க வேற இடம் பாருங்க” என்று முடித்துவிட்டார். முதலாளி முகம் கறுத்துப்போய் எழுந்தார். அப்பா அவரிடம்தான் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், தெரியுமல்லவா? போனார்.

அவரை எப்படிச் சமாளித்தாய்? அந்த அறைக்குள் எப்படிக் கூட்டிப்போனாய்? தெர்மாமீட்டர் எப்படிச் சம்மதித்தார்?

இன்னொன்று. சாப்பிட்டு முடித்ததும் என்னைக் கூப்பிட்டார். “உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதாம்மா?” என்று கேட்டார். தெரியுது என்றேன். “கம்பெனியில வெளிச்சம் பத்தலைன்னா சொல்லு. நான் வந்து பேசறேன்” என்றார். ஆறு வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி.

அக்கா

நவம்பர் 26

அன்புள்ள அக்காவுக்கு,

கண் பரவாயில்லை. மருந்து தவறாமல் விடுகிறேன்.

அப்பாவை நான் பார்க்கவே இல்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் சிலந்திக் கட்டடத்துக்கு ஓடினேன். வாசலில் இருக்கிற வாட்ச்மேனைக் கேட்டேன். வியாழக்கிழமை ஒருவர் வந்தாராம். “உங்க பொண்ணா? கண்ணுல முடி பட்டு அனுப்பிட்டாங்களே. சுவர்க்கோழிக் கொட்டகையில இருக்கு, அந்த ரோட்டுக் கடைசி” என்று வழி காட்டினாராம். உள்ளே யாரும் கூட்டிப்போகவில்லை. சேரும் போடவில்லை. அப்பா ‘சரிங்க’ என்று மட்டும் சொன்னாராம்.

திரும்பி வந்து நெட்டையிடம் கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். “ஆமா, ஒரு பெரியவர் வலைக்கு வெளிய நின்னாரு. அரை மணி நேரம் இருக்கும். யாரைப் பாக்கணும்னு கேட்டேன். யாரையும் இல்லம்மா, பஸ்ஸுக்கு நேரம் இருக்குன்னாரு. நீ தட்டைத் தூக்கி ஒரு பக்கக் கண்ணுல வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தே. உன்னையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு. இருமல் வந்தா வாயைப் பொத்திக்கிட்டாரு.” கீச்சுச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்டிருக்காது. அவர் நின்றது என் இடது பக்கம்.

அவர் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் நான் எழுந்து கூடவே வந்திருப்பேன் அக்கா. நீ எவ்வளவு எழுதியிருந்தாலும் வந்திருப்பேன். எனக்கு என்னைத் தெரியும். அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

நீ எதையும் கேட்காதே. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே. அவர் சொன்னதெல்லாம் நடந்ததாகவே இருக்கட்டும். இந்த வாரம் அவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன், அவர் பெயருக்கே, வீட்டு முகவரிக்கே. அவர் வந்து பார்த்ததில் பொறுப்பாளருக்கு ரொம்பச் சந்தோஷம் என்று எழுதப்போகிறேன். நீ வாசித்துக் காட்டும்போது முகத்தை நிமிர்த்தாதே. தாளை மட்டும் பார்.

முதுகுக்குத் தலையணை வைத்துக்கொள்.

தங்கை